வாட விட்டால் பூக்கும்

அவள் குளித்துவிட்டு வந்த பிறகும் துண்டு காய்ந்திருந்தது.

முகம் துடைக்க அதே துண்டை எடுத்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. முழு நாளும் கொடியில் கிடந்த துணியைப் போல மொரமொரவென்று இருந்தது. குளியலறைக்குள் எட்டிப் பார்த்தான். தரை ஈரம், வாளி காலி, மூலையில் சோப்பு நுரை இன்னும் உடையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. குளித்திருக்கிறாள், சந்தேகமில்லை. உடம்பில் துடைக்கத்தான் ஈரம் எதுவும் மிஞ்சவில்லை போலிருக்கிறது.

“ஏம்மா, துவட்டவே இல்லையா?”

“துவட்டினேனே.”

“துண்டு காஞ்சு கிடக்கு.”

“வெயில் அப்படி. வாசல்ல போய் நில்லுங்க, நீங்களும் காஞ்சிடுவீங்க,” என்று தலையை முன்னால் போட்டு உதறினாள். ஒரு துளி தெறிக்கவில்லை. கூந்தல் சரசரத்தது, அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றி அவனிடம் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் இல்லை என்று ஊருக்குச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். குடிநீர் அலுவலகத்தில், தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் மேசையில், தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். “உங்க தெரு வரிசையில இருக்குங்க, வரும்,” என்பான். வராது. சொல்கிற அவனுக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மரியாதைக்கு இரண்டு பேரும் நம்பிக்கொள்வார்கள். வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை என்றாலும் தெருவில் அவனுக்கு ‘லாரி’ என்றுதான் பெயர்.

அப்படிப்பட்டவன் வீட்டில் தண்ணீரே கேட்காத ஒரு செடி இருந்தது பொருத்தம்தான். காகிதப்பூச் செடி. அவளுடைய அண்ணன் நர்சரி வைத்திருந்தார். அவர் கொண்டுவந்து வாசல் சுவரோரம் நட்டுவிட்டுப் போனது. மேற்கு வெயில் நேராகப் படுக்கையறை ஜன்னலில் விழும். அதற்கு ஒரு மறைப்பு வேண்டும். அதோடு அவளுக்குப் பூ வேண்டும். அவள் வெளிச்சம் புகும் தாளில் விளக்குக் கூடு செய்து ஒரு விளக்குக் கடைக்குக் கொடுப்பவள். இரண்டு தாளுக்கு நடுவே காகிதப்பூவின் இதழ்களை வைத்து ஒட்டிவிட்டால், உள்ளே பல்பு எரியும்போது இதழின் நரம்பெல்லாம் தெரியும். அவன் அலுவலகத்தில் கழித்துப் போட்ட டெலிபோன் டைரக்டரிகளுக்குள் இதழ்களை வைத்து அழுத்திக் காய வைப்பாள். அந்த டைரக்டரிகளால் ஊருக்கு வந்த ஒரே பிரயோஜனம் அது.

“உண்மையில இது பூ இல்ல மாப்ளே,” என்றார் மச்சான், நட்ட அன்று மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே. “கலர் மாறின இலை. மூணு மூணா நிக்கும் பாரு. நடுவுல வெள்ளையா குட்டியா ஒண்ணு இருக்கே, அதான் பூ. தண்ணி மட்டும் காட்டாதே. இலை தொங்கும், செத்துட்டேன் செத்துட்டேன்னு நடிக்கும். நம்பாதே. உயிர் பயம் வந்தாத்தான் இது பூக்கும். வயிறார ஊத்தினா, பரீட்சை முடிஞ்ச காலேஜ் பையன் மாதிரி காலை நீட்டிப் படுத்துக்கும். வெறும் இலைதான்.”

இது அவனுக்குக் கைவந்த வேலை. முழுக் கோடையும் ஒரு சொட்டு விடவில்லை. தினமும் அலுவலகம் கிளம்பும்போது நின்று பார்ப்பான். நுனிகள் தலை கவிழ்ந்திருக்கும். அதைப் பார்க்கையில் அவனுக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அவளால்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்குக் கொண்டுபோனாள். அவன் வழியில் மறித்து வாங்கி, சாக்கடையில் கொட்டினான்.

“கண்ணால பாக்க முடியலைங்க.”

“நான் தினமும் காதால கேக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?”

அவள் சிரித்தாள். “சரி சாமி, நான் ஊத்தலை.” ஊற்றவும் இல்லை. அதற்குப் பதிலாக, வேலை முடிந்த மதியங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாக உள்ளே வந்துவிட்ட ஒரு கிளையைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பாள். முள் குத்துமே என்று கேட்டான். குத்தலை என்றாள்.

பிறகு செடி பூத்தது. அதைப் பூத்தது என்று சொல்வது மரியாதைக் குறைவு. இலை ஒன்று கண்ணில் படவில்லை. சுவர், ஜன்னல், பாதிக் கூரை எல்லாம் ரோஸ் நிறம். மாலை வெயில் அதன் வழியாக வடிந்து படுக்கையறைக்குள் விழும்போது சுவரும் மெத்தையும் அவன் உள்ளங்கையும் ரோஸாகிவிடும். காற்றே இல்லாத நேரத்திலும், யாரோ பக்கத்து அறையில் பழைய கடிதங்களைப் புரட்டுவது போல ஒரு சத்தம், தொடர்ந்து, மெல்லியதாக வந்துகொண்டே இருக்கும். வாசனை கிடையாது. தூசியின் வாசனை மட்டும்.

“உன் முகத்துல ஒரு களை வந்திருக்குடி,” என்றாள் மாடிவீட்டு அக்கா அவளிடம். “என்ன போடறே?”

“ஒண்ணும் போடலைக்கா.”

“பொய் சொல்லாதே. ரோஸ் பவுடர் மாதிரி இருக்கு. லாரி, நீங்களாவது சொல்லுங்க.”

அவன் அசடு வழியச் சிரித்துவைத்தான். ஆனால் அன்றிரவு அவள் புரண்டு படுத்தபோது அவனுக்கு விழிப்புத் தட்டியது. பக்கத்தில் சரசரப்பு. ஜன்னல் பக்கம் பார்த்தான். செடி அசையவில்லை. அவள் மறுபடி புரண்டாள். மறுபடி சரசரத்தது.

அதன் பிறகு கவனிக்கத் தொடங்கினான். கவனிக்கத் தொடங்கியது தப்பு. கவனிக்காமல் இருந்தவரை நிம்மதியாக இருந்தான். டைரக்டரியின் பக்கத்தைப் புரட்ட அவள் விரலை நாக்கில் வைப்பது வழக்கம். இப்போதும் வைத்தாள். விரல் காய்ந்தே வெளியில் வந்தது. பக்கம் நழுவியது. மறுபடி வைத்தாள். அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை. கொதிக்கும் அடுப்படியிலிருந்து வருவாள், நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. வெங்காயம் நறுக்குவாள், அவன் கண் கலங்கும், அவள் கண் கலங்காது. மணிக்கட்டை விளக்கின் பக்கம் நீட்டினால் வெளிச்சம் தோலைத் தாண்டி வந்தது. நரம்புகள் தெரிந்தன. நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து பிரியும் கிளைகள். அவன் பார்வையை டைரக்டரியின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அவர் அதைத் தன் விரலால் நீவிவிட்டார், மேசைவிரிப்பை நீவுவது போல.

“தண்ணி நிறைய குடிக்கணும்மா.”

“குடிக்கிறேன் டாக்டர்.”

“இன்னும் குடிங்க. அடுத்தவங்க வாங்க.”

குடித்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து ஒரு குடத்தைக் காலி செய்தாள். தாகம் என்று முகம் காட்டவில்லை. சொன்னார்கள் என்பதற்காகக் குடித்தாள். பிறகு படுத்துத் தூங்கிவிட்டாள். விடுமுறை நாள், நடு மதியம். தெருவில் ஒரு நாய் கூட இல்லை. அவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும் என்று வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை பால் குடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. மடக். இடைவெளி. மடக். அவள் தொண்டையைப் பார்த்தான். அது அசையவில்லை. வாய் மூடியிருந்தது. சத்தம் அவளுக்கு அந்தப் பக்கம், ஜன்னலிலிருந்து வந்தது. உள்ளே வந்திருந்த கிளை இப்போது தலையணை வரை நீண்டு, அவள் உள்ளங்கையில் தலை வைத்துக் கிடந்தது. மடக்.

அவன் எழுந்துபோய்ச் செடி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தான்.

கம்பிக்கு உள்பக்கமாக, ஒரே நறுக்கு. முழுக் கோடையும் ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத செடி. சுள்ளி போல முறியும் என்று நினைத்திருந்தான். முறியவில்லை. வெட்டிய இடத்திலிருந்து நீர் கொட்டியது. ஜன்னல் படியில் வழிந்து, சுவரில் இறங்கி, அவன் காலை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஏன் செய்தான் என்று தெரியவில்லை, விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

“ஏங்க.” அவள் விழித்திருந்தாள். குரல் தாள் கிழிவது போல வந்தது. “ஏங்க, கை வலிக்குதுங்க.”

அவள் கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை தொங்கியது. பிறகு கழுத்து. காலையில் அலுவலகம் போகும்போது நின்று பார்ப்பானே, அதே மாதிரி, நுனியிலிருந்து தொடங்கி, வரிசையாக.

அவன் தலையணை உறையைக் கிழித்து, சொம்பில் நனைத்து, வெட்டுப்பட்ட கிளையைச் சுற்றிக் கட்டினான். இறுக்கினான். அழுத்திப் பிடித்துக்கொண்டான். முட்கள் உள்ளங்கையில் இறங்கின. விடவில்லை. ஒழுக்கு நின்றது. வெகு நேரம் கழித்து அவள் கழுத்து நிமிர்ந்தது.

“எதுக்கு அதைப் போய் வெட்டினீங்க?” என்றாள், கோபமே இல்லாமல். “பாவம்.”

மச்சானுக்குப் போன் செய்தான். மச்சான் முதலில் சிரித்தார். “என் தங்கச்சியை நீ படுத்தற பாட்டுக்குச் செடி மேல பழி போடறியா?” பிறகு நேரில் வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தும்போது, “அடேயப்பா, என் நர்சரியிலயே இப்படிப் பூத்ததில்ல மாப்ளே,” என்றார். குனிந்து அடிமண்ணைப் பார்த்தார். கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். தூசி. இன்னும் ஆழமாக விட்டார். தூசி. சிரிப்பு நின்றது. வீட்டுக்குள் போய்த் தங்கையைப் பார்த்தார்.

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து விளக்குக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளையும் ஜன்னலையும் தனித்தனியாகப் பார்க்கக் கண்ணுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதே நிறம்.

“வாண்ணே. டீ போடட்டுமா?”

“ஒண்ணும் வேணாம். கிளம்பு. நம்ம வீட்டுக்குப் போகலாம்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேப்பாங்களா? அண்ணன் கூப்பிட்டா வரணும்.”

வந்தாள். செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டாள். கேட் வரை மூன்று பேருமாக நடந்தார்கள். செடியின் கடைசிக் கிளை முடிகிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். அவள் வரவில்லை. பிடிவாதம் என்றும் சொல்ல முடியாது. முகத்தில் வருத்தம்தான் இருந்தது. அவர் இன்னும் பலமாக இழுத்தார். மண்ணுக்கடியில் எங்கோ, சுவரின் அடியில், ஏதோ தெறிக்கும் சத்தம் கேட்டது. வேர் அறுபடுகிற சத்தம். செடியையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதர், உடனே கையை விட்டுவிட்டார். விட்ட கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தில் ரோஸ் நிறம்.

“பிடுங்கக் கூடாது,” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “இந்த நேரத்துல பிடுங்கினா தாங்காது.”

“அப்ப தண்ணி ஊத்தறேன் மச்சான். அதுக்கு வேண்டியது கிடைச்சிட்டா இவளை விட்டுடும்ல?”

“இவ்வளவு நாள் காய விட்டுட்டு இப்ப ஊத்தினா பூவெல்லாம் கொட்டிடும்.”

“கொட்டட்டும். பூ யாருக்கு வேணும்?”

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். வண்டியை உதைத்து, போய்விட்டார். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், காத்திருந்த தெருக்களையெல்லாம் தாண்டி, அவன் தன் வீட்டுக்கு ஒரு லாரியை அனுப்பினான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் சொன்ன சொல்லுக்கு உண்மையாகவே வந்த முதல் லாரி அதுதான். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அதிலேயே ஏறி வந்தான்.

டிரைவர் வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “தொட்டி எங்க சார்?”

“தொட்டி இல்லைங்க. செடிக்கு.”

“எதுக்கு?”

“செடிக்கு.”

டிரைவர் செடியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “படிச்சவங்க எது செஞ்சாலும் காரணம் இருக்கும்,” என்று சமாதானப்படுத்திக்கொண்டு, தடித்த குழாயை இழுத்து வேரடியில் போட்டு வால்வைத் திறந்துவிட்டார். “நான் முனைக் கடையில டீ குடிச்சிட்டு வந்துடறேன். நிறைஞ்சதும் ஒரு சத்தம் குடுங்க.”

தண்ணீர் விழுந்தது. மண் அதை வாங்கிக்கொண்ட விதம் பயமாக இருந்தது. தேங்கவே இல்லை. வெடிப்புகள் வழியாக, தலைகீழாக, எங்கோ ஆழத்துக்கு இறங்கியது. மண்ணிலிருந்து சூடு ஆவியாக எழுந்தது. முதல் மழையின் வாசனை அடித்தது. முழுக் கோடையும் அவன் மறந்திருந்த வாசனை. கவிழ்ந்திருந்த நுனிகள் மெதுவாகத் தலை தூக்கின. கிளைகள் நிமிர்ந்தன. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கொட்டும், இப்போது கொட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பூ கூடக் கொட்டவில்லை. சுவரெல்லாம் அப்படியே ரோஸாக, முன்னைவிடப் பளபளப்பாக நின்றது. மச்சானுக்குத் தொழிலே தெரியவில்லை என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தான்.

“இங்க வந்து பாரேன்!” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். “குடிக்குது பாரு! நல்லா குடிக்குது!”

உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

சத்தம் மட்டும் வந்தது. கனமே இல்லாத ஒன்று தரையில் விழும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு நிறைய.

ஓடினான்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த இடத்திலிருந்து கன்னம் கழன்றது. மூன்று இதழாக. சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல், மடியில் இறங்கியது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். குனிந்ததில் தோள் உதிர்ந்தது.

“ஏங்க,” என்றாள். “குளு குளுன்னு இருக்குங்க.”

“அசையாதே.”

“நல்லா இருக்கு.”

“பேசாதே. அசையாதே. நான் போய் மூடிட்டு வந்துடறேன்.”

மின்விசிறி. தலைக்கு மேலே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை முதலில் நிறுத்தினான். அது உடனே நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி, நிதானமாக, நிற்கத் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டது. அது நின்றபோது கட்டிலில் புடவை மட்டும் இருந்தது.

அறை முழுக்க ரோஸ் நிறம். மெத்தையில், மேசையில், விளக்குக் கூடுகளின் மேல், அவன் தோளில். நகரப் பயந்தான். கால் வைக்க இடமில்லை. மண்டியிட்டான். ஒன்றை, ஓரத்தைப் பிடித்து, கசங்காமல் எடுத்தான். மூன்று இதழ்கள். நடுவில் சிறு வெள்ளைப் பூ. கட்டைவிரலுக்கடியில், நரம்பில், ஏதோ தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

நாடி.

எல்லாவற்றிலும். தரை முழுக்க. சன்னமாக, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், துடித்துக்கொண்டிருந்தது.

பொறுக்கத் தொடங்கினான். புடவையை விரித்து ஒவ்வொன்றாக. அப்போதுதான் முழங்காலில் சில்லென்று பட்டது.

தண்ணீர். பழைய ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்ததில், அவர்கள் வீடு பள்ளத்தில் இருந்தது. செடி குடித்து முடித்திருக்க வேண்டும். வாசற்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, கலங்கலாக, ஒரு தகடு போல, தண்ணீர் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. வந்து அவளைத் தூக்கியது. கனமில்லாதவள், உடனே மிதந்தாள். ஓரத்திலிருந்து நகரத் தொடங்கினாள். எல்லாம் ஒரே பக்கமாக. குளியலறைப் பக்கமாக.

“டிரைவர்!” என்று கத்தினான். முனைக் கடை தூரம். “டிரைவர்!”

போய் வால்வை மூடலாம். போனால் இங்கே யார்? கையால் அணைத்தான். விரலிடுக்கில் நழுவினாள். புடவையைக் குறுக்கே போட்டான். புடவையும் மிதந்தது. குளியலறைத் தரையின் மூலையில் தண்ணீர் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. முதலாவதாக ஒரு பூ அந்தச் சுழலில் ஒரு சுற்று சுற்றியது. உள்ளே போனது. இன்னொன்று. அவன் தவழ்ந்து போய் அந்த ஓட்டையின் மேல் கவிழ்ந்து படுத்தான். நெஞ்சை வைத்து அடைத்தான். தண்ணீர் நின்றது. ஏறத் தொடங்கியது.

வாசலில் குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கன்னத்தைத் தரையில் வைத்து, வாயை ஒரு பக்கமாகத் தூக்கி மூச்சு விட்டான். எல்லாப் பக்கமிருந்தும் அவள் வந்து மோதினாள். காதில், கழுத்தில், மூடிய இமையில். ஒவ்வொன்றும் துடித்துக்கொண்டு. போக வழி தேடிக்கொண்டு.